எழுதுபவை, வாசிப்பவை, அழிப்பவை: மைக்ரோ ஆர்.என்.ஏ. – ஹிஸ்டோன் மாற்ற உறவைச் சொல்லும் உருவகங்கள் குறித்த ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மரபணு வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவதில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் ஹிஸ்டோன் புரதங்களில் நிகழும் வேதிமாற்றங்களும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. இவ்வுறவைப் பற்றிய ஆய்வெழுத்துகள் குறியீடு, எழுதுபவை, வாசிப்பவை, அழிப்பவை என்னும் ஏட்டியல் உருவகங்களைப் பெரிதும் சார்ந்துள்ளன. ஒருவழிப்பட்ட ஆணையைச் சுட்டும் இவ்வுருவகங்கள், இருவழிப்பட்ட ஓர் உறவை விளக்கப் போதுமானவையல்ல என்பதும், சான்று இல்லாத இடத்திலும் உறுதியான தொனியை அவை தந்துவிடுகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள். மிர்-101, ஈ.இசட்.எச்.2 ஆகியவற்றின் உறவு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இத்துறையைத் தமிழில் எழுதுவோர் தேர்ந்துகொள்ளத்தக்க சொற்கள் குறித்தும் கருத்துரைக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மைக்ரோ ஆர்.என்.ஏ., ஹிஸ்டோன், மரபணு வெளிப்பாடு, பின்னூட்டச் சுழல், உருவகம், சொல்லாக்கம்.

முன்னுரை

ஒரு மரபணு உயிரணுவில் இருப்பது வேறு, செயற்படுவது வேறு. கல்லீரல் உயிரணுவும் நரம்பு உயிரணுவும் ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டிருந்தும் வெவ்வேறாக இயங்குகின்றன. எந்த மரபணு எங்கே, எப்போது, எந்த அளவில் வெளிப்படவேண்டும் என்னும் கட்டுப்பாடே இதற்குக் காரணம். அக்கட்டுப்பாடு பல அடுக்குகளில் நிகழ்கிறது. அவற்றுள் இரண்டினை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏற்படும் வேதிமாற்றங்கள் ஒன்று. படியெடுக்கப்பட்ட தூது ஆர்.என்.ஏ.வை ஒடுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் மற்றொன்று.

இவ்விரண்டும் தனித்தனித் துறைகளாக வளர்ந்தவை. பின்னர் இவற்றுக்கிடையே ஊடாட்டம் உண்டெனக் கண்டறியப்பட்டபோது, அதனைச் சொல்வதற்குப் புதிய மொழி உருவாக்கப்படவில்லை. ஹிஸ்டோன் ஆய்வு ஏற்கெனவே கைக்கொண்டிருந்த எழுத்து – வாசிப்பு உருவகமே நீட்டிக்கப்பட்டது. உயிரியலார் இதனை வெறும் வசதி என்பர். உருவகத்தைக் கற்பிப்பதையும் ஆராய்வதையும் தொழிலாகக் கொண்ட தமிழ்த்துறையினர்க்கு அது வெறும் வசதியன்று என்பது தெரியும். உருவகம் ஒன்றைக் காட்டும்போதே மற்றொன்றை மறைக்கிறது. இங்கு மறைக்கப்படுவது எது என்பதே நம் வினா.

உருவகம் வந்த வழி

மரபியல், ஏட்டின் மொழியைப் பேசத் தொடங்கியது புதிதன்று. இயற்பியலாளர் எர்வின் சுரோடிங்கர் 1944இல் வெளியிட்ட ‘உயிர் என்றால் என்ன?’ என்னும் நூலில் குரோமோசோமைக் குறியீட்டு ஏடாகக் கண்டார். 1961இல் மார்ஷல் நிரென்பர்க்கும் ஹைன்ரிக் மத்தேயியும் மரபுக் குறியீட்டின் முதற்சொல்லைக் கண்டறிந்தபின் அவ்வுருவகம் உறுதிப்பட்டது. இன்று மேல்நிலை வகுப்பு உயிரியலில் பயிலும் படியெடுத்தல், மொழிபெயர்த்தல் ஆகிய சொற்கள் அதன் எச்சங்களே. மரபுக் குறியீட்டைப் பொறுத்தவரை உருவகம் பெருமளவு பொருந்துகிறது. மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. சில விலக்குகள் நீங்கலாக, பாக்டீரியா முதல் மனிதன் வரை அப்பொருள் மாறுவதில்லை.

ஹிஸ்டோன்களின் கதை வேறு. ஹிஸ்டோன்களில் அசிட்டைல் தொகுதி சேர்வதற்கும் ஆர்.என்.ஏ. உருவாவதற்கும் தொடர்பிருக்கலாம் என வின்சென்ட் ஆல்ஃபிரே 1964இலேயே முன்மொழிந்தார். அச்செயலைச் செய்யும் நொதிகள் அடையாளம் காணப்பட 1996 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் பிரையன் ஸ்ட்ராலும் டேவிட் ஆலிஸும் ‘ஹிஸ்டோன் குறியீடு’ என்னும் கருதுகோளை முன்வைத்தனர். ஹிஸ்டோன் வால்களில் உள்ள மாற்றங்கள், தனித்தோ கூட்டாகவோ, பிற புரதங்களால் வாசிக்கப்பட்டுக் குறிப்பிட்ட விளைவுகளைத் தருகின்றன என்பது அதன் சாரம். 2004இல் யாங் ஷியின் குழு மெத்தில் தொகுதியை நீக்கும் நொதி ஒன்றைக் கண்டறிந்தபோது மெத்தில் குறிகள் அழிக்கப்படக்கூடியவை என்பதும் தெளிவாயிற்று. எழுதுபவை, வாசிப்பவை, அழிப்பவை என்னும் மூவகைப் பகுப்பு இவ்வாறு நிறைவெய்தியது.

கருதுகோளாக முன்மொழிந்தவர்களிடம் குறை காண்பதற்கில்லை. ‘மொழி’ என்றும் ‘குறியீடு’ என்றும் அவர்கள் சொன்னது ஆராயத்தக்க ஒரு வினாவாகவே அமைந்தது. அடுத்த இருபதாண்டுகளில் வினாக்குறி உதிர்ந்து, பெயர் மட்டும் எஞ்சியதுதான் சிக்கல்.

இரு அடுக்குகளின் இயக்கம்

விவாதத்திற்குத் தேவையான அளவு மட்டும் இங்குத் தரப்படுகிறது. ஏறத்தாழ 147 இணைகள் நீளமுள்ள டி.என்.ஏ. எட்டு ஹிஸ்டோன் புரதங்களாலான ஓர் உருளையைச் சுற்றி அமைவது நியூக்ளியோசோம். உருளையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் வால்களில் அசிட்டைல், மெத்தில் முதலிய தொகுதிகள் சேர்க்கப்படுகின்றன, நீக்கவும்படுகின்றன. எச்3 ஹிஸ்டோனின் 27ஆம் லைசீனில் மூன்று மெத்தில் தொகுதிகள் சேர்ந்த பகுதியில் உள்ள மரபணுக்கள் பொதுவாக ஒடுக்கப்பட்டிருக்கும். 4ஆம் லைசீனில் மூன்று மெத்தில் தொகுதிகள் இருப்பின் அது பெரும்பாலும் செயற்படும் மரபணுவின் தொடக்கப் பகுதியாகும். முதலாவதைச் சேர்ப்பது பி.ஆர்.சி.2 எனப்படும் புரதக்கூட்டு. அதன் வினைபுரியும் உறுப்பே ஈ.இசட்.எச்.2 நொதி.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமுள்ள சிறு மூலக்கூறு. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் ஆகியோரின் ஆய்வகங்கள் 1993இல் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவில் லின்-4 என்னும் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பற்றி வெளியிட்டன. அதற்காக 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆர்கோநாட் என்னும் புரதத்தில் அமர்ந்து, தன் 2ஆம் இடம் முதல் 8ஆம் இடம் வரையுள்ள ‘விதைப் பகுதி’யால் தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைகிறது. அத்தூது ஆர்.என்.ஏ. சிதைவதாலும், அதிலிருந்து புரதம் உருவாவது குறைவதாலும் ஒடுக்கம் நிகழ்கிறது. ஒரு புரதத்தின் அளவில் தனியொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏற்படுத்தும் மாற்றம் பெரும்பாலும் இருமடங்கிற்கும் குறைவானது. 2008இல் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒருங்கே அளந்த இரு தனித்தனி ஆய்வுகள் இதனைக் காட்டின. இந்த ‘இருமடங்கிற்கும் குறைவு’ என்பதை வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் அது தேவைப்படும்.

ஊடாட்டம் இரு திசைகளிலும் நிகழ்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தரும் மரபணுக்களும் நியூக்ளியோசோமில் சுற்றப்பட்டவையே. ஆகவே அவையும் ஹிஸ்டோன் மாற்றங்களுக்கு உட்பட்டவை. கருமுதல் உயிரணுக்களில் ஒரு பகுதி மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்கள் பாலிகோம்ப் புரதங்களால் ஒடுக்கப்பட்டிருப்பதை அலெக்சாண்டர் மார்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் காட்டினர். மறுதலையாக, ஹிஸ்டோன் மாற்றங்களைச் செய்யும் நொதிகளின் தூது ஆர்.என்.ஏ.க்களை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஒடுக்குகின்றன. தசை உயிரணுக்களில் மிர்-1 என்பது எச்.டி.ஏ.சி.4 என்னும் அசிட்டைல் நீக்கும் புரதத்தைக் குறைத்துத் தசை முதிர்ச்சிக்கு வழிவிடுகிறது என 2006இல் வெளியான ஆய்வு இதற்குத் தொடக்ககாலச் சான்று.

மிர்-101: கதையும் சான்றும்

இவ்வூடாட்டத்திற்கு எடுத்துக்காட்டாக மீளாய்வுக் கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்வது மிர்-101இன் கதை. ஈ.இசட்.எச்.2 மிகுதியாவதற்கும் புராஸ்டேட் புற்றுநோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவதற்கும் உள்ள தொடர்பை அருள் சின்னையனின் மிச்சிகன் ஆய்வகம் 2002இல் வெளியிட்டது. அது ஏன் மிகுதியாகிறது என்னும் வினாவிற்கு அதே ஆய்வகம் 2008இல் ஒரு விடை தந்தது: இந்நொதியின் தூது ஆர்.என்.ஏ.வை ஒடுக்கிவந்த மிர்-101 இல்லாமற்போகிறது. மிர்-101ஐத் தரும் மரபணு மனிதரில் ஈரிடங்களில் உள்ளது. அவற்றுள் ஒன்றோ இரண்டுமோ புராஸ்டேட்டுக்குள்ளேயே இருந்த கட்டிகள் 16இல் 6இலும், பரவிய கட்டிகள் 33இல் 22இலும் இழக்கப்பட்டிருந்தன.

இங்குச் சற்று நின்று நோக்கவேண்டும். 2008ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது மரபணு இழப்பை, அதாவது டி.என்.ஏ.வே அறுந்து நீங்கியதை. ஹிஸ்டோன் மாற்றத்தால் மிர்-101 ஒடுக்கப்பட்டது என்பது அக்கட்டுரையின் முதன்மைக் கண்டுபிடிப்பன்று. சுழலின் ஒரு பாதி மட்டுமே, மைக்ரோ ஆர்.என்.ஏ.விலிருந்து நொதிக்குச் செல்லும் பாதி, அங்கு நிறுவப்பட்டது. நொதியிலிருந்து மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்குத் திரும்பும் மறுபாதிக்கான சான்று பின்னர், வேறோர் உறுப்பின் புற்றுநோயிலிருந்து வந்தது. கல்லீரல் புற்றுநோய் உயிரணுக்களில் மிக் என்னும் புரதம் பி.ஆர்.சி.2ஐ மிர்-101 மரபணுவின் தூண்டுபகுதிக்குக் கொணர்ந்து அதனை ஒடுக்குகிறது என 2014இல் வெளியான ஆய்வு கூறியது. புராஸ்டேட்டிலிருந்து ஒரு பாதியும் கல்லீரலிலிருந்து ஒரு பாதியும் எடுத்து, ‘மிர்-101, ஈ.இசட்.எச்.2 இரட்டை எதிர்மறைச் சுழல்’ என ஒரே வட்டமாக வரைவது எளிது. அவ்வட்டம் இரண்டில் எந்த உயிரணுவில் முழுமையாகச் சுழல்கிறது என்பதை அப்படம் சொல்வதில்லை. சுவடிப் பதிப்பில் இதற்கு ஒப்பான ஒரு தவறு உண்டு. இரு வேறு ஊர்ச் சுவடிகளின் சிதைந்த பகுதிகளை ஒட்டி ஒரு முழுப்பாடலாகப் பதிப்பித்துவிட்டு, ஒட்டிய இடத்தைக் குறிக்காமல் விடுவது அது. ஒட்டியதில் தவறில்லை, குறிக்காததில்தான் தவறு.

அடுத்து, சுழல் உண்டென்றே கொள்வோம். அது ‘விசை’ போல, இரு நிலைகளுள் ஒன்றில் நிலைத்துநிற்கும் என்பது வழக்கமான அடுத்த கூற்று. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று ஒடுக்கினால் மட்டும் இருநிலை அமைந்துவிடாது. டிமோதி கார்ட்னரும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் ஈ.கோலை பாக்டீரியத்தில் ஒன்றையொன்று ஒடுக்கும் இரு மரபணுக்களை அமைத்துக் காட்டிய ஆய்விலேயே இது தெளிவுபடுத்தப்பட்டது. ஒடுக்கும் வலிமைகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமநிலையில் இருக்கவேண்டும். ஒடுக்கம் அளவுக்கேற்பச் சீராக உயராமல், ஒரு வரம்பிற்குப்பின் செங்குத்தாக உயர்வதாகவும் இருக்கவேண்டும். முன்னர் நினைவில் கொள்ளச் சொன்னது இங்குத் தேவைப்படுகிறது. தனியொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. புரத அளவை இருமடங்கிற்கும் குறைவாகவே மாற்றுமெனில், அத்தகைய மென்மையான ஒடுக்கம் ஒரு விசையின் பாதியாக நிற்குமா? நிற்கவும் கூடும். இசட்.ஈ.பி.1 புரதத்திற்கும் மிர்-200 குடும்பத்திற்கும் இடையே 2008இல் கண்டறியப்பட்ட பரஸ்பர ஒடுக்கத்தில் அக்குடும்பத்தின் பல உறுப்பினர்கள் ஒரே தூது ஆர்.என்.ஏ.வின் பல இடங்களில் இணைவதால் ஒடுக்கம் வலுப்பெறுகிறது. ஆனால் இது ஒவ்வொரு இணைக்கும் தனித்தனியே அளந்து காட்டப்படவேண்டியது. இரு கட்டுரைகளிலிருந்து எடுத்த இரு அம்புக்குறிகள் அளவீட்டுக்கு ஈடாகா.

சின்னையன் ஆய்வகமே 2011இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை இவ்வகையில் கூடுதல் கவனத்துடன் அமைந்தது. அதன்படி ஈ.இசட்.எச்.2 மிர்-181, மிர்-200, மிர்-203 குடும்பங்களைச் சேர்ந்த சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஒடுக்குகிறது. அவை ஒடுக்கப்படுவதால் பி.ஆர்.சி.1 என்னும் வேறொரு பாலிகோம்ப் கூட்டின் உறுப்புகளாகிய பி.எம்.ஐ.1, ரிங்2 ஆகியன மிகுகின்றன. ஏட்டுருவகத்தில் இதனைச் சொல்லிப்பார்த்தால், ஓர் எழுத்தர் எழுதிய எழுத்தின் பயனாக வேறோர் எழுத்தரின் எண்ணிக்கை கூடுகிறது என்றாகும். உருவகம் இங்கு நகைப்புக்கிடமாகிறது. நிகழ்வோ மிக எளிது. ஒரு கூட்டின் அளவு மற்றொரு கூட்டின் அளவை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் வழியாகப் பாதிக்கிறது, அவ்வளவே.

எழுதாத எழுத்தர்

உருவகத்தின் மற்றொரு குறை, நொதியை அதன் ஒரு செயலோடு முற்றாக ஒன்றுபடுத்திவிடுவது. எழுதுபவை எனப் பெயரிட்டபின் அது எழுதாமலும் பணிசெய்யும் என்பதை எண்ணத் தோன்றுவதில்லை. ஹார்மோன் தடுப்பு மருத்துவத்திற்கு அடங்காத புராஸ்டேட் புற்றுநோயில் ஈ.இசட்.எச்.2, பாலிகோம்ப் ஒடுக்கத்திற்குப் புறம்பாக, ஆண்ட்ரோஜன் ஏற்பியோடு சேர்ந்து மரபணுக்களைத் தூண்டவும் செய்கிறது என 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. 2017இல் வெளியான இரு ஆய்வுகள் எம்.எல்.எல்.3, எம்.எல்.எல்.4 ஆகிய நொதிகளின் வினையாற்றலை மட்டும் நீக்கிப் புரதத்தை விட்டுவைத்தன. எச்3 ஹிஸ்டோனின் 4ஆம் லைசீனில் அவை இடும் ஒற்றை மெத்தில் குறி பெருமளவு குறைந்தும் படியெடுத்தல் பெருமளவு பாதிக்கப்படவில்லை. புரதத்தையே நீக்கியபோது பாதிக்கப்பட்டது. எழுத்தரின் கையைக் கட்டியும் அலுவலகம் நடந்திருக்கிறது.

இதன் விளைவு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு நேரடியானது. மிர்-101 ஈ.இசட்.எச்.2 புரதத்தைக் குறைக்கிறது. அதன்பின் ஏதோ ஒரு மரபணு மிகுந்து வெளிப்படுகிறது. இடைப்பட்ட காரணம் 27ஆம் லைசீனின் மெத்தில் குறி குறைந்ததுதான் எனக் கொள்வது பழக்கம். ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ. குறைப்பது புரதத்தை, குறியை மட்டுமன்று. புரதத்தின் பிற பணிகளும் உடன் குறைகின்றன. நொதிவினையை மட்டும் தடுக்கும் மருந்தால் அதே விளைவு வருகிறதா என ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே காரணம் குறியா, புரதமா எனச் சொல்லமுடியும். 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாசெமெட்டோஸ்டாட் அத்தகைய தடுப்பியாகும். கருவி உள்ளது; ஒப்பீடு எல்லாக் கட்டுரைகளிலும் இல்லை.

குறிகள் எல்லாம் ஒரே எடையுடையனவும் அல்ல. பழ ஈயில் 27ஆம் லைசீனையே மாற்றியமைத்தபோது பாலிகோம்ப் புரதங்கள் இல்லாத நிலையில் தோன்றும் குறைபாடுகளே தோன்றின என 2013இல் யூர்கென் முல்லரின் குழு காட்டியது. ஆகவே அக்குறி காரணநிலையில் நிற்கிறது. அதே பழ ஈயில் 4ஆம் லைசீனை மாற்றியமைத்த உயிரணுக்களில் படியெடுத்தல் தொடர்ந்து நிகழ்ந்தது என 2012ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. செயற்படும் மரபணுக்களின் தொடக்கத்தில் காணப்படும் அக்குறி, அங்குச் செயலின் காரணமாக இருப்பதைவிட அதன் அடையாளமாகவே இருந்திருக்கக் கூடும். ஒரே புரதத்தின் இரு ‘எழுத்துகளில்’ ஒன்று ஆணையிடுகிறது, மற்றொன்று நடந்ததைப் பதிவுசெய்கிறது. குறியீடு என்னும் சொல் இவ்வேறுபாட்டைச் சமன்செய்துவிடுகிறது.

மருந்தைக் கருவியாகக் கொண்ட தொடக்க ஆய்வுகளிலும் இதே எச்சரிக்கை தேவைப்பட்டது. அசிட்டைல் நீக்கத்தைத் தடுக்கும் எல்.ஏ.கியூ.824 என்னும் மருந்தை 2006இல் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களில் செலுத்தினர். ஐந்து மணி நேரத்தில் 27 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறிற்று. அசிட்டைல் குறி கூடினால் வெளிப்பாடு கூடும் என்னும் வாய்பாட்டின்படி அவை மிகுந்திருக்கவேண்டும். மிகுந்தவை 5, குறைந்தவை 22. இம்மருந்துகள் ஹிஸ்டோன்களை மட்டுமன்றி வேறு பல புரதங்களின் அசிட்டைல் நிலையையும் மாற்றுகின்றன என்பது நினைக்கத்தக்கது. ‘ஹிஸ்டோன்’ என்னும் முன்னொட்டு அந்நொதிகளின் பெயரில் நிலைத்துவிட்டதால், வந்த விளைவுகளெல்லாம் ஹிஸ்டோன் வழியே வந்தவையாகத் தோற்றமளிக்கின்றன.

ஈஸ்டிலிருந்து மனிதனுக்கு

மைக்ரோ ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள் சென்று தானே ஹிஸ்டோன் மாற்றத்தை ஏவுகிறது என்னும் கூற்றும் பரவலாகக் காணப்படுகிறது. இதற்கு அரணாக, பிளவு ஈஸ்டில் 2002இல் கண்டறியப்பட்டது அடிக்கடி காட்டப்படுகிறது. அங்கு ஆர்கோநாட், டைசர் முதலிய புரதங்களின் மரபணுக்களை நீக்கியபோது சென்ட்ரோமியர்ப் பகுதியில் எச்3 ஹிஸ்டோனின் 9ஆம் லைசீன் மெத்தில் குறி இல்லாமற்போயிற்று. அது ஐயத்திற்கிடமற்ற, சிறந்த ஆய்வு. ஆனால் அங்குச் செயற்படுபவை குறு இடையீட்டு ஆர்.என்.ஏ.க்கள். அவை தாம் தோன்றிய பகுதியுடனேயே முழுமையாகப் பொருந்துபவை. மைக்ரோ ஆர்.என்.ஏ. பிளவு ஈஸ்டில் இல்லை. ஒரு பொறியமைவின் புகழை மற்றொன்றுக்குக் கடனளிப்பது முறையன்று.

பாலூட்டிகளில் சான்றே இல்லையென்பதன்று. மிர்-320, பி.ஓ.எல்.ஆர்.3டி என்னும் மரபணுவின் தூண்டுபகுதிக்கு ஆர்கோநாட்டையும் ஈ.இசட்.எச்.2ஐயும் கொணர்ந்து 27ஆம் லைசீன் மெத்தில் குறியை மிகுவிக்கிறது என 2008இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆனால் மிர்-320 அத்தூண்டுபகுதியிலேயே எதிரிழையில் அமைந்தது. எனவே முழுப்பொருத்தம் உடையது. முழுப்பொருத்தமில்லாத, விதைப் பகுதியளவே பொருந்தும் பிற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்கு இதனை விரிக்கும்போது ஓர் எளிய கணக்கு குறுக்கே நிற்கிறது. ஏழு எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் தற்செயலாக 16,384 இடங்களுக்கு ஒருமுறை அமையும். ஏறத்தாழ 300 கோடி இணைகள் உள்ள மனித மரபணுத் தொகுதியில் ஓர் இழையில் மட்டும் அது சுமார் 1,80,000 இடங்களில் தற்செயலாகவே காணப்படும். அவ்வளவு இடங்களில் ஒன்றை மட்டும் மைக்ரோ ஆர்.என்.ஏ. எவ்வாறு தேர்கிறது என்பதற்கு விடை தராமல், கணினி காட்டிய பொருத்தத்தை மட்டும் சான்றாகக் கொள்ளும் கட்டுரைகள் ஏற்கத்தக்கன அல்ல.

பிழைபட்ட எளிமையின் விலை

இவ்விவாதம் சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. மிர்-34ஏ, சர்ட்1 என்னும் அசிட்டைல் நீக்கும் நொதியை ஒடுக்குகிறது; பி53 புரதத்தோடு சேர்ந்து பின்னூட்டச் சுழலை அமைக்கிறது. இழக்கப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் திருப்பித் தந்தால் ஒழுங்கு மீளும் என்னும் எண்ணத்தில், அதன் செயற்கைப் படியாகிய எம்.ஆர்.எக்ஸ்.34 முற்றிய புற்றுநோயாளர்களிடம் சோதிக்கப்பட்டது. கடுமையான நோயெதிர்ப்புசார் பக்கவிளைவுகள் தோன்றியதால் 2016இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. அவ்விளைவுகளால் நால்வர் இறந்தனர். உருவகம் அவர்களைக் கொன்றது எனச் சொல்வது அபத்தம். செலுத்தப்பட்ட மூலக்கூறும் அதனைச் சுமந்த கொழுப்புத் துகளும் உடலில் என்ன செய்தன என்பது தனி ஆய்வுக்குரியது. ஆயினும் ‘விடுபட்ட ஒரு சொல்லை ஏட்டில் மீண்டும் எழுதுதல்’ என்னும் சித்திரத்திற்குள், அச்சொல் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களைத் தொடும் என்பதற்கு இடமில்லை.

ஈ.இசட்.எச்.2ஐப் பொறுத்தும் இதுவே நிலை. அது புராஸ்டேட்டில் மிகுந்து தீங்கு செய்கிறது. சில வகை நிணநீர்ப் புற்றுநோய்களில் திரிபடைந்து மிகைவினை புரிகிறது. டி-அணு இரத்தப் புற்றுநோயிலும் சில எலும்புமச்சை நோய்களிலும் அதனை இழப்பதே தீங்காகிறது. ஆகவே ‘மிர்-101 புற்றுநோயை ஒடுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.’ என்னும் தொடர், எந்தத் திசுவில் என்னும் சொல் இன்றிப் பொருளற்றது.

தமிழில் எழுதும்போது

இத்துறையைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர்க்கு எழுதி, வாசிப்பி, அழிப்பி என்னும் சொற்கள் உடனே தோன்றும். ஓசையும் நன்று, வடிவும் சிறிது. இவற்றைத் தவிர்க்கவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆங்கிலத்தில் இவை இருபதாண்டு விவாதத்தின் நடுவே புழங்குவதால் ஆய்வாளர்கள் அவற்றின் வரம்பை ஓரளவேனும் அறிவர். தமிழில் முதன்முதலாகப் பாடநூலில் சந்திக்கும் மாணவருக்கு அவ்விவாதம் கிடையாது. பெயர்தான் விளக்கமாக நிற்கும். எழுதி என்றால் எழுதும். எழுதப்பட்டதற்குப் பொருள் இருக்கும். பொருள் மாறாது.

செய்யும் வினையை மட்டும் சுட்டும் சொற்கள் போதும். தொகுதியைச் சேர்க்கும் நொதியை ‘இடுநொதி’ எனலாம். குறியுள்ள இடத்தில் சென்று பிணையும் புரதத்தைப் ‘பற்றுபுரதம்’ எனலாம். தொகுதியை அகற்றும் நொதி ‘நீக்குநொதி’. இவை அழகற்றவை என்பது உண்மையே. ஆனால் இடுநொதி வேறொன்றும் செய்யக்கூடும் என்பதை இச்சொல் தடுப்பதில்லை.

உருவகம் ஒன்று வேண்டுமென்போர்க்கு இலக்கணத்திலேயே பொருத்தமானதொன்று உள்ளது. பொன்னும் தாமரையும் சேர்ந்து பொற்றாமரை ஆகும்போது நிலைமொழியின் ஈறும் திரிகிறது, வருமொழியின் முதலும் திரிகிறது. இரண்டில் எது எழுதியது, எது எழுதப்பட்டது என வினவுவார் இல்லை. மேலும், ‘பொன்’ என்னும் நிலைமொழி, பொன்னாலாகிய குடம் என்னும் வேற்றுமைப் பொருளில் பொற்குடம் எனத் திரியும். பொன் பெரிது என்னும் அல்வழியில் வல்லினமே வரினும் இயல்பாக நிற்கும். சூழல் மாறினால் விளைவு மாறும் என்னும் இவ்வறிவுதான் ஏட்டுருவகத்தில் விடுபடுவது. புணர்ச்சி உவமைக்கும் வரம்புண்டு. புணர்ச்சியில் அளவு என்பதில்லை. ஒன்றரை மடங்கு திரிதல் என எதுவும் கிடையாது. மைக்ரோ ஆர்.என்.ஏ.விலோ அளவே யாவும். தொல்காப்பியர் குரோமாட்டினை அறிந்திருந்தார் என யாரேனும் இதிலிருந்து கட்டுரை எழுத முற்பட்டால் அதற்கு இக்கட்டுரை பொறுப்பன்று.

மிர்-101ஐப் பற்றிய ஒரு தொடரை இரு வகையில் எழுதிப்பார்க்கலாம். ‘ஈ.இசட்.எச்.2 என்னும் எழுதியை மிர்-101 ஒடுக்குகிறது. அவ்வெழுதி மிர்-101ஐ ஒடுக்குகிறது’ என்பது ஒன்று. ‘புராஸ்டேட் புற்றுநோயில் மிர்-101 மரபணு இழக்கப்படும்போது ஈ.இசட்.எச்.2 மிகுகிறது, கல்லீரல் புற்றுநோய் உயிரணுக்களில் மிக் புரதத்தின் துணையோடு பி.ஆர்.சி.2 மிர்-101 மரபணுவை ஒடுக்குகிறது’ என்பது மற்றொன்று. முதலாவது தேர்வில் இரண்டு மதிப்பெண் விடைக்குள் அடங்கும். இரண்டாவது அடங்காது, ஆனால் அதனைப் படிக்கும் மாணவர், இரண்டும் ஒரே உயிரணுவில் நிகழ்கின்றனவா எனக் கேட்க வாய்ப்புண்டு.